மணிலால் காகாவின் எத்தனால் பாட்டில்

எனக்கும் மௌலிக்குக்கும் டிசம்பரில் கல்யாணம் என்று சூரத்தில் இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். ஆகஸ்டில் எங்கள் ஆராய்ச்சி வழிகாட்டி பாரிக் மேடத்தின் அறையில் நாங்கள் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தால் யாரும் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"பிப்ரவரியில மௌலிக் எடுத்தது இருபது. ஹிரல், நீ மார்ச்சுல இருபத்தொண்ணுல ஆரம்பிச்சு இப்ப இருபத்தாறுல நிக்கிற. ஒரே பாலிமர், ஒரே எத்தனால். வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லைன்னா ஆறு மாச வேலையையும் திருப்பிச் செய். கல்யாணத்த அடுத்த வருஷம் வச்சுக்கலாம்," என்றார் மேடம்.

எங்கள் பாலிமரின் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்கு ஆகாது. தண்ணீரில் விட்டால் ஆகாதவை நடுவில் ஒண்டிக்கொள்ளும். பிடித்தவை சுற்றி நின்று மறைத்துக்கொள்ளும். அந்தக் குட்டி உருண்டைதான் மிசெல். எத்தனால் சேர்க்கச் சேர்க்க உள்ளே ஒண்டியவற்றுக்குக் கூச்சம் போய்விடும், உருண்டை கலைந்துவிடும். நூற்றுக்கு எத்தனை பங்கு எத்தனாலில் கலைகிறது என்பதுதான் எங்கள் சண்டை.

"பிப்பெட்ட கரண்டி மாதிரி பிடிச்சா இப்படித்தான் வரும்," என்றான் மௌலிக், வெளியே வந்ததும்.

"உள்ள வாயில தேப்லா ரொட்டி அடைச்ச மாதிரி நின்னியே, அப்பவே சொல்றதுதானே?"

அவன் போன் அடித்தது. அவன் அம்மா. கல்யாணச் சமையல் மகராஜ், தேதி உறுதிதானா என்று கேட்கிறாராம். "நாளைக்குச் சொல்றேம்மா," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கை தப்பினால் முன்னும் பின்னும் தப்பும். என் எண்ணைப் போல வாரா வாரம் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகாது. எனக்கு எத்தனால் மேல்தான் சந்தேகம் வந்தது. பத்து மில்லி அளந்து தராசில் வைத்தேன். எட்டு கிராமுக்குள் நிற்க வேண்டியது, எட்டரையைத் தாண்டியது. எத்தனாலைவிடத் தண்ணீர் கனம்.

நேரே ஸ்டோருக்குப் போனேன். மதுவிலக்கு உள்ள எங்கள் மாநிலத்தில் எத்தனாலுக்குப் பெர்மிட் வேண்டும், பூட்டு வேண்டும், மணிலால் காகா வேண்டும். ஸ்டோர் சாவி வைத்திருக்கும் அவரை எல்லாரும் காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவோம்; வெங்காயம், பூண்டு கூடத் தொடாத மனிதர்.

"காகா, இதுல தண்ணி கலந்திருக்கு."

"மெதுவாப் பேசும்மா!" கதவைச் சாத்தினார். "நான்தான் ஊத்தினேன்."

"எதுக்கு?"

"வெயிலுக்கு அது பாட்டுக்கு ஆவியாப் போகுது. மூடியும் லூஸு. வாராவாரம் திங்கக்கிழமை மதுவிலக்கு அதிகாரி வந்து பாட்டில்ல கோடு வரைக்கும் இருக்கான்னு பார்ப்பாரு. ரெண்டு விரக்கடை குறைஞ்சா, மணிலால் குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு கோயில் முழுக்கப் பேச்சாயிடும். தண்ணியும் வெள்ளை, அதுவும் வெள்ளை. கோடு சரியா நின்னுச்சு, விட்டுட்டேன்."

"எவ்வளவு ஊத்தினீங்கன்னு நினைவிருக்கா?"

தயங்கித் தயங்கிப் பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு திங்களும் எத்தனை மில்லி என்று எழுதி, பக்கத்திலேயே "மன்னிச்சுடு" என்று போட்டிருந்தார். "அதிகாரிகிட்ட மறைக்கலாம், சாமிகிட்ட முடியுமா?"

எனக்கு அவரைக் கட்டியணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மௌலிக்கும் நானும் உட்கார்ந்து, அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொரு அளவீட்டையும் திருத்தினோம். நான் இருபத்தாறு என்று நினைத்ததில் உண்மையான எத்தனால் இருபதுதான். ஆறு மாதமும் அப்படியே இருபதைச் சுற்றியே நின்றது.

"சொன்னேனே, இருபது," என்றான்.

"கரண்டின்னு சொன்னத முதல்ல வாபஸ் வாங்கு."

"வாங்கிட்டேன். தங்கக் கை."

வெள்ளிக்கிழமை மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவோரம் பிரார்த்தனைப் புத்தகத்தோடு நின்ற காகாவைப் பார்த்தார். "ஆவியானா ஆவியாச்சுன்னு எழுதுங்க காகா. நான் கையெழுத்துப் போடறேன். இன்னிக்கே புது மூடி வாங்குங்க. உங்க கணக்குதான் இந்தப் பொண்ணக் காப்பாத்திச்சு. கட்டுரைக் கடைசியில உங்களுக்கு நன்றி போடணும்."

"ஐயோ, வேண்டாம் மேடம்! சாராயக் கட்டுரையில என் பேரா?"

"ஹிரல், திருப்பிச் செய்ய வேண்டாம். எழுத ஆரம்பி," என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வராந்தாவிலேயே மௌலிக் அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். "மகராஜுக்குச் சொல்லிடும்மா. டிசம்பர்தான்."

"இத்தனை நாள் என்னடா இழுபறி?"

"ஒண்ணுமில்லம்மா. எத்தனால்ல தண்ணி கலந்துடுச்சு."

அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மௌலிக், உண்மையச் சொல்லு. நீ குடிச்சியா, அவ குடிச்சாளா?"