இடுப்பில் தைத்த தோல்பிடி

லோவலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நின்றபோது என் மனதில் ஒரே கேள்விதான். அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா, கல்லூரித் தலைவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதா?

"ஈரப் புல்லுல வழுக்கி விழுந்தான், கழுத்து முறிஞ்சுது. அவ்வளவுதான் வெண்டல். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசி அந்தக் குடும்பத்தை வதைக்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதையே கடிதமாக எழுதி, சவப்பெட்டியோடு ரயிலில் முன்பே அனுப்பியும் விட்டார். அடக்கத்துக்கு என்னை விடவில்லை. ஆறு நாள் கழித்து, அவனுடைய சாமான்களை ஒப்படைக்கும் வேலை மட்டும் எனக்கு வந்தது. ஃபுட்பால் அணித் தலைவன் நான்தானே.

1893, நவம்பர் கடைசி. ஒஹாயோவில் முதல் பனி விழுந்திருந்தது. கொல்லைப்புறத்தில் யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"லோவலோட அப்பா" என்றார் அவன் அம்மா திருமதி ஹாஸ்கின்ஸ், கதவைத் திறந்துகொண்டே. "அடக்கம் முடிஞ்ச நாள்லேர்ந்து பிளந்துகிட்டே இருக்காரு. மூணு குளிர்காலத்துக்கு ஆகும் இப்பவே. உள்ள வா தம்பி. நீதானே வெண்டல்? அவன் கடுதாசி பூரா உன் பேருதான்."

சமையலறை மேசையில் காய்ந்த பீன்ஸ் குவிந்திருந்தது. அதில் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அழுது முடித்த முகம்.

"எனக்கு ஒண்ணு சொல்லு. கையில தூக்கிட்டு ஓடுறீங்க. அப்புறம் எதுக்கு அதுக்கு ஃபுட்பால்னு பேரு?"

"ஆரம்பத்துல காலால உதைச்சுத்தான் ஆடினாங்க அம்மா. நடுவுல சில காலேஜ்காரங்க பந்தைக் கையில எடுத்துட்டாங்க. ஆட்டம் மாறிடுச்சு, பேரை யாரும் மாத்தல."

"அவன் வேற மாதிரி எழுதினானே! குதிரை மேல ஏறாம காலால ஓடி ஆடுறதால அந்தப் பேருன்னு."

"அவன் எல்லார்கிட்டயும் அப்படித்தான் கதை விடுவான்."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவர் போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அவன் எங்க நிப்பான்? காட்டு. அவன் வரைஞ்சு அனுப்பினது எனக்குப் புரியல."

பதினோரு பீன்ஸை எடுத்தேன். ஏழு பீன்ஸை வரிசையாக வைத்தேன்.

"நடுவுல இருக்கறவன் சென்டர், பந்தைப் பின்னாடி தள்ளிவிடறவன். அது நான். எனக்கு ரெண்டு பக்கமும் காவலுக்கு நிக்கறவங்க கார்டு. அதுக்கு அடுத்து டேக்கிள், எதிரியைப் பிடிச்சுச் சாய்க்கறவங்க. ரெண்டு ஓரத்துலயும் எண்ட்."

"ஓரத்துல நிக்கறதால எண்டா? பேரு வைக்கக்கூட உங்களுக்குச் சோம்பல்."

"வரிசைக்குப் பின்னாடி கொஞ்ச தூரத்துல குவார்ட்டர் பேக். அவனுக்குப் பின்னாடி ஹாஃப் பேக் ரெண்டு பேர். எல்லாருக்கும் பின்னாடி ஃபுல் பேக்."

"பால் அளக்கற மாதிரி கால், அரை, முழுசு. என் பிள்ளை எது?"

"அரை அம்மா. வலது பக்கத்து அரை."

"வீட்டுலயும் எல்லா வேலையும் அரைதான்" என்று சொல்லி, அந்த பீன்ஸை ஒரு விரலால் தொட்டார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார்.

புத்தகங்கள், சட்டைகள், அடியில் அவன் ஆட்டத்துக்குப் போடும் கித்தான் கால்சட்டை. அதை நான் எடுத்து ஒளித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பின் இரண்டு பக்கமும் தடித்த தோலில் பிடிகள். பயணப்பெட்டியில் இருக்குமே, அதுபோல. ஒவ்வொரு தையலாக நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"ஒரு நூல்கூடப் பிரியல பார்த்தியா" என்றார். குரலில் பெருமை. "பழைய சேணத்தை வெட்டி நான்தான் தைச்சேன். மெழுகு நூல், நாலு சுத்து. நனைஞ்சா மாட்டிக் காயப்போடணும், கெட்டியா தைச்சு அனுப்பும்மான்னு எழுதியிருந்தான். காயப்போடறதுக்கு எதுக்குடா ரெண்டு பிடின்னு கேட்டேன். அதுக்கு அவன் பதிலே போடல."

கொல்லையில் கோடரி விழும் சத்தம் சீராகக் கேட்டது. கல்லூரித் தலைவர் சொன்ன வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. வழுக்கி விழுந்தான். ஈரப் புல். இரண்டே வரி.

"அது காயப்போட இல்லம்மா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"இழுக்கறதுக்கு."

பீன்ஸை நகர்த்தினேன். வரிசையைக் கலைத்து, முன்பக்கம் கூராகவும் பின்பக்கம் அகலமாகவும் அடுக்கினேன்.

"இதுக்கு ஆப்புன்னு பேரு. விறகு பிளக்கற ஆப்புதான். பந்து வெச்சிருக்கறவன் நடுவுல. மத்த பத்துப் பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுகிட்டு எதிராளி மேல போய் மோதுவோம். நடுவுல இருக்கறவன் விழுந்தா, பக்கத்துல இருக்கறவன் பிடியைப் பிடிச்சு முன்னாடி இழுப்பான்."

"விழுந்த பிறகுமா?"

"ஆமாம்மா. விழுந்தா ஆட்டம் நிக்காது. பந்து வெச்சிருக்கறவன் தன் வாயால 'டவுன்'னு கத்தணும். அதுவரைக்கும் எதிராளிங்க அமுக்குவாங்க, நாங்க இழுப்போம்."

நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"அதுக்கு முந்தின ஆட்டத்துல அவன் சீக்கிரம் கத்திட்டான். எல்லைக் கோட்டைத் தாண்டினா ஜெயிச்சிருப்போம், ரெண்டு கஜம்தான் பாக்கி. தோத்துட்டோம். ஒரு வாரம் பையன்க அவனைச் சும்மா விடல. சாப்பாட்டு மேசையில சூப்பு வந்தா 'டவுன்', அவன் படுக்கையில சாய்ஞ்சா 'டவுன்'. நானும்தான் கத்தினேன். ஆட்டத்தன்னைக்குக் காலையில அவன் தோளைப் பிடிச்சு, 'டேய் லோவல், இன்னைக்கு உன் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னா எங்கூடப் பேசாத'ன்னு சொன்னேன். 'செத்தாலும் வராதுடா'ன்னு சிரிச்சான்."

அவர் கை கால்சட்டையை இறுக்கிக்கொண்டது.

"கோட்டுக்கு ஆறு கஜம் இருக்கறப்போ ஆப்பு உடைஞ்சுது. அவன் அடியில போயிட்டான். மேல ஏழெட்டுப் பேர். என் கைக்கு அந்தப் பிடி கிடைச்சுது. சத்தமே போடல அவன். பிடிவாதமா இருக்கான், சபாஷ்னு நினைச்சேன் அம்மா. அப்படித்தான் நினைச்சேன். முழு பலத்தோட இழுத்தேன். கோட்டைத் தாண்டுற வரைக்கும் இழுத்தேன். ஜனங்க தொப்பியைத் தூக்கி எறிஞ்சாங்க. எல்லாரும் எழுந்தோம். அவன் எழுந்திருக்கல."

"முதல்லயே முறிஞ்சிருந்துச்சா?" அவர் குரல் மிகச் சன்னமாக வந்தது.

"விழுந்தப்பவே முறிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். இழுக்காம விட்டிருந்தா பிழைச்சிருப்பானான்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மடியில் இருந்த கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். கத்தியை எடுத்து ஒரு பிடியின் தையலை அறுக்கப் பார்த்தார். மெழுகு நூல் அறுபடவில்லை. இரண்டு முறை முயன்றார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, அந்தத் தோலின் மேலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். சத்தமில்லாமல் தோள்கள் மட்டும் குலுங்கின.

"நான் கொஞ்சம் மட்டமா தைச்சிருக்கலாம்" என்றார், முகத்தைத் தூக்காமலேயே. "என்னோட மத்த தையல் எல்லாம் சீக்கிரம் பிரிஞ்சுடும். இதை மட்டும்..."

கோடரிச் சத்தம் நின்றது. அவர் விருட்டென்று எழுந்தார். கால்சட்டையைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் திணித்து மூடினார். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவருகிட்ட இதைச் சொல்லாத. அவரு தாங்கமாட்டாரு. எனக்குத் தெரிஞ்சா போதும்."

"அம்மா, என்னால பொய்..."

"நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் சொல்லிக்கிறேன்."

பனியை உதறிக்கொண்டு ஓரின் ஹாஸ்கின்ஸ் உள்ளே வந்தார். நெடிய மனிதர். லோவலின் அதே நெற்றி. மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவன்தான் வெண்டல்" என்றார் திருமதி ஹாஸ்கின்ஸ். "ஆட்டத்தைப் பத்திச் சொல்லிட்டிருந்தான். நம்ம பிள்ளை கோட்டைத் தாண்டின பிறகுதான் வழுக்கினானாம்."

"தாண்டிட்டானா?" அவர் என் பக்கம் திரும்பினார். "கடுதாசியில அது எழுதலையே! பந்து கையிலயே இருந்துச்சா தம்பி?"

அதற்கு மட்டும் என்னிடம் உண்மையான பதில் இருந்தது.

"இருந்துச்சு ஐயா. அவன் விடவே இல்ல."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விறகுச் செதில் ஒட்டிய, சூடான, சொரசொரப்பான கைகள்.

"கடைசி நேரத்துல அவன் தனியா இல்ல. நீ பக்கத்துல இருந்தே" என்றார். "அது போதும்ப்பா எனக்கு."

திருமதி ஹாஸ்கின்ஸ் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவராக விடும்வரை அப்படியே நின்றேன்.