சொல்ல முடியாது

ஏரியிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் மூன்றாம் மாடி ஜன்னலை மூடியிருந்தது. நகரமே கரைந்துபோய், தன் மேசையும் தொலைபேசியும் மட்டும் மிச்சமிருப்பதுபோல மார்லிஸுக்குத் தோன்றியது. குடிநீர் வாரியத்தின் செய்தித் தொடர்பாளர் அவள். வியாழன்தோறும் ஒன்பதரைக்கு உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து டார்வின் ஹாலக் அழைப்பான். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

முதல் வருஷமே இருவருக்கும் ஓர் உடன்பாடு. சொல்லக்கூடாததை அவள் சொல்ல முடியாது என்பாள். பொய் மட்டும் சொல்லமாட்டாள். அவளைக் கேட்காமல் அவன் எதையும் அச்சுக்கு அனுப்பமாட்டான். அவன் மனைவி இறந்த வாரம் அவள் சமைத்து எடுத்துக்கொண்டு போனாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து ஏரி உறைவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று மாலை இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். தொடக்கப்பள்ளிக் குழாய்த் தண்ணீரில் ஈயம் அளவுக்கு மேல் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை வாரியத்தின் நிதிக்கான நகர மன்ற ஓட்டெடுப்பு முடியும்வரை வெளியே தெரியக்கூடாது, யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல் என்றார். பள்ளிக்காவது சொல்லலாமே என்றாள். பள்ளிக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்றார்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வந்த கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, டார்வின் பள்ளித் தண்ணீர்ப் பரிசோதனை என்னவாயிற்று என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் நம்பிவிடுவான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது, டார்வின்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"போன வருஷம் இதே கேள்விக்கு உடனே பதில் சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

அவன் மேலே கேட்கவில்லை. "பதில் சொல்லலன்னு உன் பேரைப் போட்டு எழுதவா, வேண்டாமா?" என்றான்.

"எழுது. நடந்தது அதுதானே."

அவன் நேரே பள்ளி முதல்வரிடம் போய், வாரியம் பதில் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் முடிவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. குடிநீர்க் குழாய்களை உடனே மூடச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் மார்லிஸின் அடையாள அட்டையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்.

அவள் பள்ளி வழியாக நடந்தாள். வேலிக்குள் குடிநீர்க் குழாய்களுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்கள். ஏரிக்காற்றில் பைகள் உப்பி உப்பி அடங்கின, தூங்குகிறவர்களின் நெஞ்சு போல. மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு சிறுமி அருகே போய், ஒரு பையின்மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.