பதிவுத் தபால் வாங்காத வீடு

என் புருஷனுக்கு ஒரு சட்டம் தெரியும். பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தான் நோட்டீஸ் நமக்கு வந்ததா அர்த்தமாம். வாங்கலேன்னா பேங்க் ஒண்ணும் பண்ண முடியாதாம். லிஃப்ட் கம்பெனியில இவரோட வேலை பார்த்த எவனோ சொல்லிக் கொடுத்தது. அந்தக் கம்பெனி மூடி, வீட்டுத் தவணை நின்னதுலேர்ந்து தபால்காரரைக் கண்டா இவர் பாத்ரூமுக்குள்ள போயிடுவார். நான் வாசல்ல நின்னு, "அவர் ஊர்ல இல்லைங்க"ன்னு சொல்லித் திருப்பி அனுப்புவேன். ஆமா, நானும்தான். பழியை அவர் தலையில மட்டும் கட்ட முடியாது.

அந்தப் புதன்கிழமை காலையில கேட்டுலயே நோட்டீஸை ஒட்டிட்டுப் போயிட்டாங்க, ஏலத் தேதியோட. பொண்ணு வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தது ஒண்ணுதான் நல்ல காலம். நான் அதைக் கிழிச்சு எடுக்கறதுக்குள்ள எதிர்வீட்டுக்காரி முழுசாப் படிச்சு முடிச்சிட்டா.

எனக்கு இருப்புக் கொள்ளலை. பீஸ் கணக்குல கூலி வாங்கற தையல் கடைக்கு லீவு சொல்லிட்டு, இலவச சட்ட உதவி மையத்துக்கு ஓடினேன். பெஞ்சில உட்கார முடியாம எழுந்து எழுந்து நின்னேன். "நீங்க நின்னாலும் டோக்கன் வரிசைப்படிதாம்மா வரும்"ன்னார் அங்க இருந்த பியூன். என் வயித்தெரிச்சல் அவருக்கு வேடிக்கையா இருந்தது போல.

வக்கீலம்மாவுக்குச் சின்ன வயசுதான். நோட்டீஸைப் படிச்சிட்டு பேங்குக்கு போன் போட்டாங்க. பேசப் பேச என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

"போன மாசம் உங்களுக்கு ஒரு தபால் அனுப்பியிருக்காங்க. கடன் காலத்தை நீட்டி, தவணையைப் பாதியாக் குறைச்சுத் தர்றோம், வந்து கையெழுத்துப் போடுங்கன்னு. அது திரும்பிப் போயிடுச்சாம்."

"எந்தத் தபாலுங்க?"

"நீங்க வாங்காத தபால்தான். இன்னிக்கு அதுக்குக் கடைசி நாள். மேனேஜர்கிட்ட பேசிட்டேன். அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பேரும் போயிடுங்க."

அப்பவே மணி மூணு. என் புருஷன் இப்போ ஒரு பைக் மெக்கானிக் கடையில கூலிக்கு இருக்கார். விஷயத்தைச் சொன்னா, "கையெழுத்தா? நான் மாட்டேன்"ங்கறார்.

"இத்தனை நாள் போடாம எதைக் கிழிச்சீங்க?"ன்னு நடுக்கடையில கத்திட்டேன். கிரீஸ் கையைத் துடைச்சுக்கிட்டே பின்னால வந்தார், பாவம்.

மேனேஜர் மரியாதையான மனுஷன். ஃபைலைப் புரட்டினார். "சாருக்கு வயசு அம்பத்தாறு. இன்னும் பத்து வருஷம் நீட்டணும்னா, மாசச் சம்பளம் வாங்குற இன்னொருத்தர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போடணும். யாராவது இருக்காங்களா?"

"இல்லேன்னா சார்?"

"இல்லேன்னா ஏலம்தாம்மா."

என் தம்பிக்கு போன் போட்டேன். "ஒரு மீட்டிங்ல இருக்கேன்க்கா"ன்னு வெச்சுட்டான். அப்புறம் எனக்கும் என் புருஷனுக்கும் ஒரே ஆள் ஞாபகம்தான்.

எங்க பொண்ணு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கிறா. நாலு வருஷமா முட்டி மோதி மேற்படிப்புக்கு இடம் வாங்கியிருக்கா. அடுத்த மாசம் வேலையை விட்டுட்டு வெளியூர் போகணும். விஷயம் தெரிஞ்சா படிப்பை விட்டுடுவான்னு பயந்துதான் பாதி, தபாலையே வீட்டுக்குள்ள விடாம இருந்தோம். கடைசியில அவளுக்கு போன் போட்டது நான்தான்.

நாலரைக்கு வந்தா, லேப் கோட்டைக்கூடக் கழட்டாம. எல்லாத்தையும் மூச்சு விடாம கொட்டினேன். திட்டுவான்னு பார்த்தேன், திட்டலை. மேனேஜர் பக்கம் திரும்பினா.

"நான் வேலையில தொடர்ந்து இருக்கணுமா சார்?"

"சம்பளம் வந்துக்கிட்டே இருக்கணும்மா."

"பத்து வருஷத்துக்கா?"

"பத்து வருஷத்துக்கு."

அவ அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். அவ பேனாவை எடுத்து, மூடியைக் கழட்டி, என்னைப் பார்த்தா.

"நீ சொல்லும்மா. போடவா?"

காலையிலேர்ந்து இந்த வீட்டுக்காக நாயா அலைஞ்சவ நான். வேண்டாம்டி, நீ போய்ப் படி, நாங்க எங்கேயாவது வாடகைக்குப் போயிக்கறோம்னு தொண்டை வரைக்கும் வந்தது. பெத்தவ அதைத்தான் சொல்லணும்.

"போடு"ன்னேன்.