சிவப்பு அம்பும் தினைக் கஞ்சியும்

சீனாவில் வூவெய் ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு போனிலேயே வந்துவிடும். எண் எல்லை தாண்டியிருந்தால் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு மேல்நோக்கி நிற்கும். அன்றைக்கு அந்த அம்பைப் பார்த்ததும் தாவ் குயின் போனைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

அவள் புருஷன் லூ தெஃபாங்குக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்து, முக்கால் இரைப்பையை வெட்டி எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அதிலிருந்து தவணை தவறாமல் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறார். கட்டி மறுபடி முளைத்தால் ரத்தத்தில் ஏறிக் காட்டிக்கொடுக்கும் சில பொருள்களை அளந்து பார்ப்பார்கள். இதுவரை எல்லாம் அடக்கமாகத்தான் இருந்தன. இப்போது அவற்றில் ஒன்று மட்டும் எகிறியிருந்தது.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார் டாக்டர் அம்மா ஹெ. இல்லவே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் தெஃபாங். குயின் வாயே திறக்கவில்லை. நகரத்துத் தங்கை கொடுத்த லிங்ச்சி காளான் பொடியை அவள் சில மாதங்களாக அவருடைய தினைக் கஞ்சியில் கலந்துகொண்டிருந்தாள். அதைத் தின்றால் புற்று அண்டாது என்று தங்கை சத்தியம் செய்யாத குறை. விஷயம் தெரிந்தால் இந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தவிர, அது என்ன மருந்தா, காளான்தானே!

வீட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டிப் பொடியை இரண்டு கரண்டியாக்கினாள். அடுத்த சோதனையில் எண் இன்னும் மேலே போய் உட்கார்ந்திருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள், வாய்வழியே குழாய் விட்டும் பார்த்தார்கள். எங்கும் ஒன்றும் இல்லை. டாக்டர் அம்மா இந்த முறை தெஃபாங்கை விட்டுவிட்டு நேராகக் குயினைப் பார்த்து, கஷாயம், பொடி, வேர் ஏதாவது உண்டா என்று கேட்டார். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"கஞ்சி கசந்தப்பவே நெனச்சேன்," என்றார் தெஃபாங்.

"அப்ப ஏன் கிழவா சொல்லல?"

"சொன்னா பானையோட என் தலையில கவுப்பே."

டாக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இந்தச் சோதனை வீட்டு நாய் மாதிரிம்மா. திருடன் வந்தாலும் குரைக்கும், விருந்தாளி வந்தாலும் குரைக்கும். இந்தக் காளானைப் பாத்துக் குரைச்சதை நான் வேற சிலர்கிட்டயும் பாத்திருக்கேன். ஆனா உங்க வீட்டுல வந்தது யாருன்னு இப்பவே சொல்ல முடியாது. பொடியை நிறுத்துங்க, ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்."

நிறுத்துவது லேசாக இருக்கவில்லை. இத்தனை நாளும் நோயைத் தடுத்து வைத்திருந்ததே அந்தப் பொடிதான் என்றால்? தன் கையாலேயே அவரைக் கொன்றவள் ஆகிவிடுவாளே. தினமும் அடுப்படியில் அவள் கை டப்பா வரைக்கும் போய்த் திரும்பியது. கடைசியில் டப்பாவை வெங்காயப் பாத்தியில் கவிழ்த்துவிட்டு வந்தபோதுதான் கை சும்மா இருந்தது.

மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். போன் சிணுங்கியது. குயின் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தாள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அம்பு இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்; எங்குமே இல்லை. முக்காலி பின்னால் சாய எழுந்து நின்று, கடைக்காரனிடம் இன்னொரு தட்டு இறைச்சி கொண்டுவரச் சொன்னாள். சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது.

தெஃபாங் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நெசத்தைச் சொல்லு கிழவா. அவ்வளவு கசப்பை எதுக்கு வாயை மூடிட்டுக் குடிச்சே?" என்று கேட்டாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னார். "வயசாகி உன் நாக்கு ருசி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். சொன்னா மனசு நோவேன்னு..."

அறுவை சிகிச்சை நாளில்கூட அழாதவள், அழுதுகொண்டே, அவர் வயிற்றுக்கு ஆகாதென்று அவர் கிண்ணத்தில் கிடந்த மிளகாயையெல்லாம் பொறுக்கித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள்.