மஹராக ஒரு கைக்கடிகாரம்

மாப்பிள்ளை கையில் கட்டியிருக்கும் வாட்சைத்தான் மஹராகக் கேட்பேன் என்று நான் சொன்னதும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தார். நிக்காஹுக்கு இன்னும் பதினெட்டு நாள். பத்திரிகை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய பொருள். என்ன வேண்டும் என்று கேட்பது பெண்ணின் உரிமை. மார்க்கம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணையும் யாரும் கேட்டதில்லை. நிக்காஹை நடத்திவைக்கும் பள்ளிவாசல் ஹஜ்ரத் பேனா மூடியைத் திறக்கும்போதே ஆயிரத்தொரு ரூபாய் என்று எழுதிவிடுவார். பெரம்பலூரில் ஒரு மெட்ரிக்குலேஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராக நான் வாங்கிய மாதச் சம்பளத்தில் அது பாதி. மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் கொடுக்கிற கைக்கூலி என்கிற வரதட்சணைக்கு மார்க்கத்தில் இடமே கிடையாது. அதை மட்டும் யாரும் மறந்ததே இல்லை.

அந்தக் கைக்கூலிக்காக அத்தா வேப்பந்தட்டைப் பக்கம் இருந்த மக்காச்சோளக் காட்டை விற்றார். ரியாத்தில் பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டி வாங்கிய மூன்று ஏக்கர் அது. பத்திரம் பதிந்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. கேட்டால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அழ வேண்டிய நேரம்தான், ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

வாட்ச் கதைக்கு வருகிறேன். 2004 ஜனவரியில் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை உபைத் துபாயில் கடலோரத்து ஓட்டல் ஒன்றில் மேனேஜர் என்று சொன்னார்கள். அவருடைய அத்தா ஹஸ்ஸான் எங்கள் கூடத்தில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அந்த ஓட்டலைத்தான் வாயாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ராத்திரி தங்க ஒரு லட்சம் ரூபாயாம். காபியின் மேல் தங்கத்தூள் தூவித் தருவார்களாம். ஒரு ஷேக்கு தன் வல்லூறுக்குத் தனி அறை போட்டாராம். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"தங்கத்தை முழுங்குனா மறுநா காலையில என்னடி ஆகும்?" என்று என் சித்தப்பா மகள் ஃபைஸா காதில் கேட்டாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் மகன் கையிலிருந்த வாட்சைக் கழற்றச் சொன்னார். சுவிட்சர்லாந்தில் கையால் செய்ததாம். ஓட்டலில் தங்கிய ஒரு வெள்ளைக்காரர் உபைத்தின் வேலையில் சொக்கிப்போய்க் கழற்றிக் கொடுத்தாராம். அதன் விலைக்கு நம்மூரில் இரண்டு மாடி வீடு எழுப்பலாமாம். ஆண்கள் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தும் அவருக்குத் திருப்தி ஆகவில்லை. வெற்றிலைத் தாம்பாளத்தில் வைத்துப் பெண்கள் பக்கமும் அனுப்பிவிட்டார்.

"பொண்ணும் பார்க்கட்டும். எம் மருமவளுக்கு நான் எதுலயும் கொறை வைக்க மாட்டேன்!" என்று ஜமாஅத் பெரியவர்கள் அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னார்.

அங்கேதான் அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தாம்பாளம் என் மடிக்கு வந்தபோது நான் அந்த வாட்சை எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். மூன்று ஏக்கர் கனம் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் கேட்டது இன்னதென்று தெரிந்ததும் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அத்தா மட்டும், "வாட்சை வச்சு என்னம்மா பண்ணுவ?" என்றார்.

"வித்துடுவேன். வித்து எம் பேருல காடு வாங்குவேன். நீங்க வித்தது கெடைக்காட்டி அதுக்குப் பக்கத்துல வாங்குவேன்."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"நிக்கட்டும் அத்தா."

அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனார். கேட்பது பெண்ணின் உரிமைதான், கொடுக்க முடியாது என்றால் மாப்பிள்ளை வீடு இப்போதே சொல்லிவிடலாம் என்று ஹஜ்ரத் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஹஸ்ஸான் மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஆனால் முடியாது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. குறை வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னதை ஊரே கேட்டிருந்தது.

நாலாம் நாள் அவர் மனைவி நஜ்முன்னிசா மாமி ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எழுதிக்கிடலாம் ஹுமா. நாலு பேருக்கு நடுவுல வாட்சுன்னே படிக்கட்டும், ஒனக்கும் கவுரவம். அப்புறம் மொத ராத்திரியில மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுது. எல்லாரும் செய்யறதுதானே?"

எல்லாரும் செய்வதுதான். எங்கள் ஊரில் மஹர் ஏட்டில் ஏறும், கைக்கு வராது. புதுப்பெண் கட்டிலில் உட்கார்ந்ததும், மஹரை மன்னித்து வேண்டாமென்று விட்டுவிட்டாயா என்றுதான் மாப்பிள்ளை முதலில் கேட்பார். அப்போது சொல்லாதவளை, புருஷன் இறந்து மையத்தாகக் கிடக்கும்போது நாலு பேர் சூழ்ந்து நின்று சொல்ல வைப்பார்கள்.

"நீங்க எப்ப மன்னிச்சீங்க மாமி?"

"மொத ராத்திரிதான். அவரு ஸலாம் சொன்ன கையோட கேட்டாரு. எனக்குப் பதினேழு வயசு. என்ன கேக்குறாருன்னே புரியல, சரின்னு தலையாட்டிட்டேன்."

"எனக்கு இருபத்திநாலு ஆவுது மாமி. நல்லாப் புரியுது. நான் தலையாட்ட மாட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து, டீயைக் குடிக்காமல் போய்விட்டார். என் பிடிவாதத்தில் முதல் தடவையாக எனக்கே வருத்தம் வந்தது. ஆனால் மனம் மாறவில்லை.

நிக்காஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருந்தார்கள். ஆண்கள் பள்ளிவாசலில். நாங்கள் இரண்டு வீடு தள்ளி எங்கள் வீட்டு மாடியில். முறைப்படி பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுப் போகும் வக்கீலாக வந்தவர் என் பெரியத்தா. இரண்டு சாட்சிகளோடு ஏட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, ஹஸ்ஸான் மகன் உபைத்தை இன்ன மஹருக்கு ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று படித்தார். வாட்ச் என்றுதான் எழுதியிருந்தது. பேனாவை நீட்டினார்.

"வாட்ச் எங்க பெரியத்தா?"

"அதான் எழுதியாச்சுல்ல. பொறவு குடுப்பாங்க."

"இப்ப குடுக்கச் சொல்லுங்க. கையில வந்தாத்தான் கையெழுத்து."

மாடியில் இருந்த பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒருத்தி, "டீச்சருக்குப் படிக்க வச்சா இப்படித்தான்" என்றாள். அம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். பெரியத்தா படியிறங்கிப் போய்ப் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"அது பெரம்பலூர்ல பேங்க் லாக்கர்ல இருக்காம்மா."

"இன்னிக்கு பேங்க் லீவு. நாளைக்கு எடுத்துட்டு வரட்டும், நாளைக்கே கையெழுத்து போடறேன்."

ஜன்னலில் நின்றிருந்த ஃபைஸா திரும்பினாள். "லாக்கராவது ஒண்ணாவது! இங்க வந்து பாருங்க பெரியத்தா. பள்ளிவாசல் வாசல்ல மாப்பிள்ளை செல்போனைக் காதுல வச்சுட்டு நிக்கிறாரு. வாட்சு அவரு கையிலதான் மின்னுது."

பெரியத்தா ஜன்னலை எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது. அதுவரை என்மேல் இருந்த எரிச்சல் அந்த நிமிஷத்தில் பக்கம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பையிலிருந்த செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, சங்கடத்தோடு என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளைதான். ஒங்கிட்ட பேசணுங்கிறாரு."

நிக்காஹுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசுவதாவது! ஆனால் நடக்கக்கூடாதது எல்லாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால் யாரும் தடுக்கவில்லை. வாங்கிக் காதில் வைத்தேன்.

"லாக்கர்னு சொன்னது அத்தாங்க, நான் இல்ல." தணிந்த குரல். "ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அந்த ஓட்டல்ல நான் மேனேஜர் இல்ல. ரூமைக் கூட்டித் தொடைச்சு, கக்கூஸ் கழுவுறேன். ஒரு பெரியவர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. தூக்கி மடியில வச்சுக்கிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் குடுத்தாரு."

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"இந்த வாட்ச் இருக்கறதாலதான் இந்த ஊர்ல எனக்கு எந்திரிச்சு நின்னு ஸலாம் சொல்றாங்க. இதைக் குடுத்துட்டா நான் கக்கூஸ் கழுவுறவன்தான். எங்கிட்ட வேற ஒண்ணுமில்லீங்க."

இத்தனை நாள் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஹஸ்ஸான் மாமாவோடு. நடுவில் இப்படி ஒரு மனுஷன் இருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் அம்மாவும் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அப்படித்தானே எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் மன்னித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பளை பாவம் என்று தோன்றிய ஒரு நிமிஷத்தில் கையிலிருப்பதை விட்டுவிட்டார்கள்.

"எங்க அத்தா லாரி ஓட்டிச் சம்பாதிச்ச காட்டை வித்துட்டுத்தான் ஒங்க வூட்டுக்குக் குடுத்திருக்காரு. அவருகிட்டயும் வேற ஒண்ணுமில்ல. நான் வாட்சை வித்துக் காடு வாங்கப் போறேன், மறைக்கல. விழுந்த மனுஷனைத் தூக்குன கை இருக்கே, அந்தக் கைக்குத்தான் நான் சம்மதம் சொல்லணும். அதுல வாட்ச் வேணாம். வெறுங்கையா இருந்தா என்ன கொறைஞ்சு போச்சு?"

லைன் கட்டாகிவிட்டது.

பெரியத்தா ஏட்டை மூடினார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கீழே பிரியாணி தம் போட்டு இறக்கியாகிவிட்டது, வாசனை மாடி வரைக்கும் வந்தது. கல்யாணம் நின்றுபோன பெண் என்று திங்கட்கிழமை பஸ்ஸில் எத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எழுந்திருக்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். மாடிப்படியில் அத்தா ஏறி வந்தார். கைக்குட்டையில் எதையோ சுற்றிப் பிடித்திருந்தார்.

"சபைக்கு நடுவுல வந்து நின்னு, மாப்பிள்ளையே கழட்டி எங்கையில வச்சாரு. அவங்க அத்தா கத்துனதைக் காதுலயே வாங்கிக்கல. தான் என்ன வேலை பார்க்கிறோம்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டாரும்மா." அத்தாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "பெருக்கித் தொடைக்கிற வேலைன்னு தன் வாயாலயே சொன்னாரு."

நான் கைக்குட்டையைப் பிரித்தேன். ஏட்டைத் திறக்கச் சொன்னேன். ஹுமா என்று முழுசாக, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி எழுதினேன். அந்தக் கையெழுத்தை முழுச் சந்தோஷத்தோடுதான் போட்டேன்.

நிக்காஹ் முடிந்து, துஆ ஓதி, சோறு பரிமாற ஆரம்பித்தபோது ஹஸ்ஸான் மாமா எங்கள் மாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஏம்மா, ஒன்னோட பொருள்தான், நான் இல்லங்கல. இன்னிக்கு ஒரு நா மட்டும் குடு. வெளியூர் சனமெல்லாம் வந்திருக்கு. எம் மவன் வெறுங்கையோட ஒக்காந்திருக்கான். மணி என்னன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவான்?"

வாட்ச் என் கைக்கு ரொம்பப் பெரிசு. முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"மணி கேட்டா எங்கிட்ட அனுப்புங்க மாமா. நான் சொல்றேன்."