கோபால்ட் கூட்டிவந்தவர்கள்

ஜோதிகா ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதில் முதல் இரண்டு வருடத்தில் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் வீரராகவன், அவளுக்கு போன் செய்தது மொத்தம் மூன்று முறை. அதிலும் ஒன்று கை தவறி அழுத்தியது. இந்த பிப்ரவரிக்குப் பிறகோ வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டார். "சாப்பிட்டியாம்மா" என்று வேறு ஆரம்பித்தார். மனுஷர் திடீரென்று மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவில் கோபால்ட் கிடைத்திருந்தது.

ஜோதிகா படிப்பது கனிம வளப் பொறியியல். குவாரிகளில் வேண்டாமென்று ஒதுக்கிப் போடுகிற கழிவுக் கல்லில் உருப்படியான உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. கல்லை முகத்துப் பவுடர் மாதிரி அரைத்தால்தான் பரிசோதிக்க முடியும். கல்லூரியில் இருந்த அரைக்கும் இயந்திரம் படுத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு எழுதிப் போட்ட கடிதம் எந்த மேசையில் தூங்குகிறதோ, தெரியாது. ஆகவே டிசம்பரில் அவளை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் அவள் அங்கே வேலை செய்ய வேண்டும், பதிலுக்கு அவள் கல்லையும் அரைத்துக்கொள்ளலாம். இன்டர்ன்ஷிப் என்று அதற்கு மரியாதையான பெயர்.

வீடு செம்பரம்பாக்கத்தில். காலையில் பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து எஸ்டேட்டுக்கு இன்னொரு பஸ். அம்மா வேம்புலியம்மாள் ஏரிப் பக்கத்து குடோன் ஒன்றில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகளைப் பற்றி யாராவது கேட்டால், "அது கல்லுக்குப் படிக்குது" என்பாள் அம்மா. அதற்கு மேல் கேட்டால் அவளுக்கும் தெரியாது. பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை, பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. மகள் சொல்வது அம்மாவுக்குப் புரியவில்லை, அம்மா சொல்கிற சூப்பர்வைசர் கதைகள் மகளுக்கு மனப்பாடம். சாயந்தரம் இருவரும் டிவியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள்.

பரிசோதனைக் கூடத்திலும் அதே கதிதான். அரைக்கிற அறையில் சத்தம் காதைப் பிளக்கும். அங்கே வேலை செய்த புஷ்பா காதில் பஞ்சும் முகத்தில் மாஸ்க்குமாக இருப்பாள். ஜோதிகா பக்கத்து அறையில் உட்கார்ந்து பைகளுக்கு எண் போடுவாள், நோட்டில் எழுதுவாள். மற்றவர்கள் எல்லோரும் பழைய ஆட்கள், அவர்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். இவள் ஆறு மாதத்தில் போகப்போகிறவள். பேர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடப் புஷ்பாவைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை, "ஸ்டூடண்ட்" என்றே கூப்பிட்டார்கள். சில நாள் பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதுதான் அவள் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தையாக இருக்கும். இது ஒரு பெரிய துக்கமா என்று கேட்டால், இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் பிப்ரவரியில் அந்த ரிசல்ட் வந்தது. அவளுடைய பன்னிரண்டு கல்லில் ஒன்பதில் கோபால்ட். எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு. பேட்டரி செய்கிறவர்கள் உலகமெல்லாம் அலைந்து தேடுகிற சரக்கு, நம் ஊர்க் குவாரிக் குப்பையில்! ஜோதிகாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீரராகவனுக்கு மெயில் அனுப்பினாள். பத்தாவது நிமிடம் போன் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்கே நம்பச் சிரமமாக இருந்தது. துறையில் ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். கல்லூரிக்குப் போகிற சனிக்கிழமைகளில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். ஏப்ரலில் பிறந்தநாள் வந்தது, கேக் வெட்டினார்கள். கேக்கில் கிரீமாலேயே "கோபால்ட் ஜோ" என்று எழுதியிருந்தது. மே கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பேட்டரி கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தார்கள். ரிசல்ட் பிடித்திருந்தால் ஜோதிகாவுக்கு அவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வருட இன்டர்ன்ஷிப். கம்பெனியை விட அந்தச் சாப்பாட்டு மேசைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டாள். ஆனால் உண்மை அதுதான்.

அந்த வாரத் திங்கட்கிழமை மத்தியானம் புஷ்பா டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"இன்னா ஜோதி, உன் கல்லு பொல்லாத கல்லா கீதே. சட்டியத் தின்னுட்சு. மேனேஜர் என்னிய புட்சிக் கத்துறாரு."

"எந்தச் சட்டிக்கா?"

"அதான், கறுப்பு சட்டி. காஸ்ட்லி சட்டியாம். எட போட்டுப் பாத்தாராம், கொறைஞ்சி கீதாம்."

ஜோதிகா கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். "என் கல்லை ஸ்டீல் கிண்ணத்துலதானே அரைக்கிற?"

"மொதல்ல அதுலதான் அரைச்சேன். ஒரு கல்லுக்கு ஒன்றரை மணி நேரம் ஆவுது. நீ அதுக்காவ காத்துகினு கீற, பஸ்ஸு பூடுது. ஜனவரிலேர்ந்து கறுப்புலதான் போட்றேன். பத்து நிமிஷத்துல மாவாய்டும். அத்தொட்டுதான் நீ சீக்கிரம் ஊட்டுக்குப் போற." புஷ்பா சிரித்தாள். அந்த இடத்தில் இவளுக்காக ஒருத்தி யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அந்தக் கறுப்புக் கிண்ணம் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. எதையும் அரைக்கும். ஆனால் கார்பைடு துகள்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிற பசையே கோபால்ட்தான். கடினமான கல்லைப் போட்டால் கிண்ணமும் கொஞ்சம் தேய்ந்து மாவோடு கலந்துவிடும். கனிமம் படிக்கிறவர்களுக்கு இரண்டாவது செமஸ்டரிலேயே சொல்லித் தருகிற சங்கதி. ஜோதிகா பரீட்சையில் இதை ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறாள். நோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் நேராக "ஸ்டீல் கிண்ணம்" என்று அழகாக எழுதியும் வைத்திருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எழுந்து போய் அந்த அறையை எட்டிப் பார்த்தாளா? இல்லை. புஷ்பாவைச் சொல்லி என்ன பயன்?

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமே. கோபால்ட் காட்டிய கற்களில் மூன்றின் மீதிச் சில்லுகளை எடுத்தாள். அகேட் என்கிற கல்லில் செய்த, மருந்து அரைப்பதைப் போன்ற சின்னக் கல்வம் ஒன்று அலமாரியில் இருந்தது, அதில் கோபால்ட் கலக்க வழியில்லை. செவ்வாயும் புதனும் கையாலேயே அரைத்தாள். உள்ளங்கை கொப்பளித்துப்போனது. "மெஷின் கீது, நீ ஏன் கையால மாரடிக்கிற?" என்று புஷ்பா இரண்டு தரம் கேட்டாள். ஜோதிகா அடுத்த சில்லை எடுத்துக் கல்வத்தில் போட்டாள்.

புதன் சாயந்தரம் வீட்டுக்குப் போனால் அம்மா குடோனில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "வெள்ளிக்கெழம கம்பெனிக்காரங்க வராங்க இல்ல, அதான் எல்லாருக்கும் குடுத்தேன்" என்றாள்.

"அம்மா, அந்த கோபால்ட்டு இல்லபோல கீது."

"இல்லன்னா? எங்க போச்சு?"

"எங்கயும் போவல. மொதல்லேர்ந்தே இல்ல."

"கெடைக்கும் வுடு. தேடிப் பாரு" என்றாள் வேம்புலியம்மாள், சாவிக்கொத்து தொலைந்ததற்குச் சொல்வதைப் போல. கொப்பளித்த கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். ஜோதிகாவுக்கு அழுகை வந்தது, அம்மா கை எரிகிறதென்று நினைத்துக்கொண்டாள்.

வியாழன் மத்தியானம் ரிசல்ட் வந்தது. மூன்று கல்லிலும் கோபால்ட் சாதாரணக் கருங்கல்லில் இருக்கிற அளவுதான். கதை முடிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போய் வீரராகவனுக்கு போன் போட்டாள்.

"சார், கோபால்ட் கல்லுல இல்ல. கிண்ணத்துலேர்ந்து வந்திருக்கு. கார்பைடு கிண்ணம். நான் கவனிக்கல சார், என் தப்புதான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"எனக்கு மார்ச்லயே சந்தேகம் இருந்துச்சும்மா" என்றார் அவர். "குவார்ட்ஸ் மாதிரி கடினமான கனிமம் எங்க கூடுதோ அங்கெல்லாம் கோபால்ட்டும் கூடியிருந்தது. கல் கடினமாக ஆக கிண்ணம் தேயும். தெரியாத விஷயமா நமக்கு?"

ஜோதிகாவுக்கு முதலில் புரியவில்லை. "அப்போ ஏன் சார் என்னைக் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன். எட்டு வருஷமா என் லேபுக்கு ஒருத்தர் வந்ததில்லம்மா. என் ரூமைத் தாண்டித்தான் எல்லாரும் போவாங்க, எட்டிப் பார்த்ததில்ல. இப்பதான் நாலு பேர் கதவைத் தட்டறாங்க. நாளைக்கு மட்டும் போகட்டும். நீ ஒண்ணும் பேச வேணாம், நான் பாத்துக்கறேன். அப்புறம் மெதுவா, அடுத்த தடவை சோதிச்சப்போ கோபால்ட் வரலைன்னு சொல்லிக்கலாம்."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. மார்ச், ஏப்ரல், மே. அவர் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதெல்லாம் தெரிந்துகொண்டே கேட்டது. கேக் வெட்டின அன்றைக்குப் பக்கத்தில் நின்று கை தட்டினாரே, அதுவும் தெரிந்தே தட்டியது. மூன்று மாதமாகத் தன் கூட ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்த மூன்று மாதமும் அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். முந்தின இரண்டு வருடத்தைவிடத் தனியாக. அவர் குரல் தழதழத்திருந்ததால் பாவமாகவும் இருந்தது, அதனாலேயே இன்னும் கோபம் வந்தது. "வைக்கிறேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெரியவர் பெயர் அமல்ராஜ், நரைத்த மீசை, பேச்சு குறைவு. வீரராகவன் புதுச் சட்டை போட்டிருந்தார். துறையில் இருந்தவர்களெல்லாம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வீரராகவன் எழுந்து பேச ஆரம்பிப்பதற்குள் ஜோதிகா எழுந்துவிட்டாள். அகேட் கல்வத்தில் அரைத்த மூன்று கல்லின் கோபால்ட் அளவைப் பழைய அளவுக்குப் பக்கத்தில் திரையில் போட்டாள். எந்தக் கிண்ணத்தில் அரைபடுகிறது என்று நின்று பார்க்காதது தன் தவறு என்றாள். புஷ்பாவின் பெயரை எடுக்கவில்லை. எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பின் வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஒருத்தர் போனைப் பார்த்தபடியே வெளியே போனார், அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். கம்பெனி ஆட்களில் ஒருவர் லேப்டாப்பை மூடினார். வீரராகவன் தலையைக் குனிந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அமல்ராஜ் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு எங்களுக்கு இங்க வேலை இல்லன்னு ஆயிடுச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா ஒரு விஷயம் கேக்கணும். இதை உங்க டீம்ல யாரு முதல்ல கவனிச்சது?"

வீரராகவன் தலை நிமிர்ந்தார். அவள் வாயையே பார்த்தார். மார்ச் மாதத்தைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அந்தக் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான்.

"டீம்னு யாரும் இல்ல சார்" என்றாள் ஜோதிகா. "நான் தனியாத்தான் இருந்தேன்."

அறையில் இருந்த ஒருத்தரும் அதை மறுக்கவில்லை.