நின்றுபோன கல்யாணங்களின் மாப்பிள்ளை

சினிமாவில் சம்பத்துக்குக் கல்யாணமே ஆனதில்லை. மணமேடை வரைக்கும் போவான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை எல்லாம் ஜோராக இருக்கும். ஐயர் "கெட்டிமேளம்" என்று விரலை ஆட்டுகிற நேரம் பார்த்து மண்டப வாசலில் ஹீரோ வந்து நின்று "நிறுத்துங்க!" என்பான். பெண் எழுந்து ஓடுவாள். கேமராவும் அவள் பின்னாலேயே ஓடும். சம்பத் தாலியைப் பிடித்த கையோடு, திரையின் ஓரத்தில் மங்கலாக உட்கார்ந்திருப்பான். அதற்குப் பிறகு அந்த மாப்பிள்ளை என்ன ஆனான், சாப்பிட்டானா, வீட்டுக்கு எப்படிப் போனான் என்று எந்த டைரக்டரும் கவலைப்பட்டதில்லை.

அவன் சென்னைக்கு ரயில் ஏறியது ஹீரோ ஆகத்தான். மாதனூரில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். நல்ல உயரம், ஒழுங்கான பல்வரிசை. முதல் படத்தில் ஹீரோவாகவும் நடித்துவிட்டான். வாலாஜாபேட்டையில் ஒரு தியேட்டரில் வெள்ளிக்கிழமை போட்ட அந்தப் படத்தை, சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனபோது வேறு படத்துக்கு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது படத்தில் அமெரிக்க மாப்பிள்ளை வேஷம் கிடைத்தது. அந்தப் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஓடிய வேஷத்தைக் கழற்ற சினிமாவில் யாரும் விடமாட்டார்கள். அப்புறம் டாக்டர் மாப்பிள்ளை, துபாய் மாப்பிள்ளை, முறைமாப்பிள்ளை, எம்.எல்.ஏ. மகன் என்று விதவிதமாக உட்கார்ந்தான். பெண்கள் விதவிதமாக ஓடினார்கள்.

வினை என்னவென்றால், நிஜத்திலும் அவனுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் பயந்தார்கள். பேர்ணாம்பட்டில் ஒரு வீட்டில் காபியெல்லாம் கொடுத்துவிட்டு, பெண்ணின் அப்பா அவன் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க பையன் மணையில உக்காந்தாலே எங்க வீட்டு லேடீஸ்லாம் வாசலைப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க."

கடைசியில் சரி என்றவள் சுந்தரி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். பெண் பார்க்கப் போன அன்று அவளே நேராகக் கேட்டாள்.

"அத்தனை பொண்ணுங்க உங்களை உட்டுட்டு ஓடினாங்களே, ஒருத்தியாவது திரும்பி சாரி சொன்னாளா?"

"இல்லைங்க."

"எனக்கு ஓடறதெல்லாம் ஆவாது. நாள் பூரா லைன்ல நின்னு நின்னு கால் வலி. அம்மாகிட்ட நாள் பாக்கச் சொல்லுங்க."

கல்யாணத்தன்று பேர்ணாம்பட்டுக்காரர் சொன்னதுதான் நடந்தது. மண்டபம் முழுக்க முதுகைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்த சமயத்தில், வியர்க்க விறுவிறுக்க ஓர் ஆள் உள்ளே ஓடிவந்தான். கூட்டம் "ஹா" என்றது. சுந்தரியின் அம்மா, "யாரோ வர்றான், சீக்கிரம் கட்டுங்க மாப்ள!" என்று அலறிவிட்டாள். சம்பத்தும் கட்டிவிட்டான். மேளம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஓடிவந்தவன் வாணியம்பாடி நசீர் அகமது, சம்பத்தோடு காலேஜில் படித்தவன். பஸ் பஞ்சராகி லேட்டாகிவிட்டதாம். எல்லோரும் தன்னை முறைப்பதைப் பார்த்துவிட்டு, "நான் பந்திக்கு வந்தேன்பா" என்றான் பரிதாபமாக.

வயது ஏறியதும் சினிமா மாப்பிள்ளை வேஷம் நின்றது. சம்பத் சீரியலுக்கு வந்தான். கதாநாயகியின் அப்பாவாகச் சுவரில் மாலை போட்ட போட்டோவாகக் கொஞ்ச நாள், உயிரோடு கொஞ்ச நாள். நசீர் அதற்குள் சீரியல் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராகியிருந்தான். ஒருநாள் டைரக்டர் சேனலோடு சண்டை போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் ஒளிபரப்புக்கு எபிசோடு இல்லை.

"டேய், நீ எடேன்" என்றான் நசீர்.

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

"எத்தனை வருஷமா ஓரத்துல மங்கலா உக்காந்து வேடிக்கை பாத்திருக்கே. அதுல ஏதாவது தெரிஞ்சிருக்கும்ல?"

தெரிந்துதான் இருந்தது. தாலியும் கையுமாக உட்கார்ந்திருந்த காலத்தில் சம்பத் சும்மா இருக்கவில்லை. எந்த லென்ஸை எங்கே வைக்கிறார்கள், அழுகிறவளை எந்தப் பக்கமிருந்து எடுத்தால் பார்க்கிறவளும் அழுவாள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அன்று மதியத்துக்குள் ஒரு எபிசோடை முடித்துக் கொடுத்தான். பழைய டைரக்டரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அப்படி டைரக்டரானவன், இப்போது எடுத்துக்கொண்டிருந்த சீரியலில் ஒரு கல்யாணக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தான். கதாநாயகிக்கு வீட்டார் பார்த்த மாப்பிள்ளையோடு கல்யாணம். தாலி கட்டும் நேரம் ஹீரோ வந்து நிறுத்த வேண்டும். சேனலில் கதைக்குப் பொறுப்பான லோகநாதன் ஓகே செய்த சீன். "வருவாரா, வரமாட்டாரா?" என்று டிவியில் ஒரு வாரமாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

நசீர் ஆம்பூரில் தெரிந்தவர் மூலம் ஒரு மண்டபம் பிடித்தான். சாயந்திரம் நிஜ ரிசப்ஷன் ஒன்று இருப்பதால் நாலு மணிக்கெல்லாம் காலி செய்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. கல்யாணக் கூட்டத்துக்குத் துணை நடிகர்களைச் சென்னையிலிருந்து கூட்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவாக இருந்ததால் சுந்தரி தன் லைன் பெண்கள் அத்தனை பேரையும் பட்டுப்புடவையில் அழைத்து வந்துவிட்டாள். தினமும் கம்பெனி பஸ்ஸில் போனிலேயே இந்த சீரியலைப் பார்க்கிறவர்கள் அவர்கள். கதை சம்பத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளையாக உட்கார்ந்தவன் பிரேம்குமார். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன். இதுதான் முதல் வேஷம். காலையிலேயே சம்பத்திடம் வந்து பணிவாகக் கேட்டான்.

"சார், பொண்ணு எழுந்து போனப்புறம் நான் இன்னா பண்ணணும்?"

சம்பத்துக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியைத் தன் முதல் மாப்பிள்ளை வேஷத்தில் அவனும் கேட்டிருந்தான். 'சும்மா உக்காருய்யா' என்று பதில் வந்தது. இப்போது டைரக்டராக நின்று யோசித்தபோது அவனுக்கும் வேறு பதில் அகப்படவில்லை. "சொல்றேன், போய் மேக்கப் போட்டுக்கோ" என்று அனுப்பிவிட்டான்.

ஹீரோவாக நடித்தவன் ஆதர்ஷ். காலை ஏழு மணிக்கு வரவேண்டியவன். எட்டரைக்கு நசீர் போன் செய்தபோது, "வாலாஜா தாண்டிட்டேன்" என்றான். பத்து மணிக்கும் வாலாஜா தாண்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டுக்கும் அதேதான்.

"வாலாஜாபேட்டை எப்போடா இவ்ளோ நீளமாச்சு?" என்று நசீர் நொந்துகொண்டான்.

விடை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சந்திராவிடமிருந்து வந்தது. சுந்தரியின் லைனில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள். போனை நீட்டினாள். வேலூரில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா. நேரலையில் ஆதர்ஷ் கூலிங்கிளாஸோடு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தான். 'என் நேரமெல்லாம் ரசிகர்களுக்காகத்தான்' என்று பேசவும் செய்தான்.

"இன்னா சார் இது?" என்றாள் சந்திரா. "காலைலேர்ந்து அந்தப் பொண்ணு நகையும் நட்டுமா வேர்த்து ஊத்திக்கினு உக்காந்திருக்குது. இவன் அங்க ரிப்பன் வெட்றான். இவன் வந்து நிறுத்தினா இன்னா, நிறுத்தலேன்னா இன்னா? பேசாம இந்தக் குடியாத்தம் பையனையே கட்டச் சொல்லுங்க. பாக்க லட்சணமாத்தான் இருக்கறான்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பத் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஒரு களை வந்தது. அந்தக் களையை நசீருக்குத் தெரியும். காலேஜில் பிரின்சிபால் ரூமுக்கு வெளிப்பக்கம் தாழ் போட்ட அன்று வந்த அதே களை.

"டேய், வேணாம்டா" என்றான் நசீர், என்னவென்று தெரியாமலே.

சம்பத் நேராகக் கதாநாயகி நித்யஸ்ரீயிடம் போனான். "உன்னைக் கேக்காம செய்யக்கூடாது. இவன் தாலி கட்டினா உனக்கு ஓகேவாம்மா?"

நித்யஸ்ரீ விசிறியை நிறுத்தினாள். "சார், நிஜமாச் சொல்லட்டுமா? அந்த ஹீரோ போன மாசம் பூரா என்னைச் சந்தேகப்பட்டான். அதுக்கு முந்தின மாசம் நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ வந்துகூடப் பாக்கல. இந்தப் பொண்ணு ஏன் அவன் பின்னால ஓடுதுன்னு எனக்கே புரியாமத்தான் ஓட இருந்தேன்."

"அப்போ ஓடாதே. வாசலை ஒரே ஒரு தடவை பாரு. யாரும் இல்ல. அப்புறம் நீயே தலையைக் குனி."

விஷயத்தைக் கேட்டதும் பிரேம்குமார் மணையிலிருந்து எழுந்துவிட்டான். "சார், எனக்கு முடிச்சுப் போட வராது."

"தறிக்காரன் வீட்டுப் பையன் பேசற பேச்சாடா இது?"

கேமரா ஓடியது. நித்யஸ்ரீ வாசலைப் பார்த்தாள். வெயில் மட்டும் அங்கே நின்றது. அவள் கண்ணில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நின்றது. மெல்லத் தலையைக் குனிந்தாள். பிரேம்குமார் கட்டினான். மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் வேண்டுமே என்று யாரோ சொல்ல, சந்திரா எழுந்து ஓடிப்போய் அவளே போட்டாள். அட்சதை மழையாகக் கொட்டியது. ஷாட் முடிந்ததென்று சம்பத் கத்தியும் பெண்கள் கேட்கவில்லை. சிலர் நிஜமாகவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு ஆதர்ஷ் வந்து இறங்கினான். "சாரி சார், ரோடுல செம டிராஃபிக். என் என்ட்ரி எங்கேர்ந்து?"

நசீர் கண்ணை மூடிக்கொண்டான்.

"வாங்க தம்பி, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றான் சம்பத், தேன் ஒழுக. "வாசல்ல நின்னு ஒரு 'நிறுத்துங்க'. முடி பறக்க ஒரு ஃபேன் வைக்கறோம். அப்புறம் நித்யஸ்ரீ எழுந்து உங்ககிட்ட ஓடிவருது. அப்புறம் கார்ல நீங்க அப்படியே சீட்ல சாஞ்சு கண்ணைத் திறக்கற மாதிரி ஒரு க்ளோஸப்."

"க்ளோஸப்பா? சூப்பர் சார். கண்ணை மெதுவாத் திறக்கட்டுமா?"

"ரொம்ப மெதுவாத் திறங்க. எழுந்துக்கவே மனசு வராத மாதிரி."

ஃபேன் காற்றில் முடி பறக்க ஆதர்ஷ் "நிறுத்துங்க!" என்றான். பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அவர்கள் அழுவதாக நினைத்து ஆதர்ஷ் மனம் நெகிழ்ந்தான். போகும்போது எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

எபிசோடு, எப்போதும் போல, கடைசி நிமிஷத்தில்தான் சேனலுக்குப் போனது. ஹீரோ வந்தான், நிறுத்தினான், பெண் ஓடிவந்து மார்பில் சாய்ந்தாள். அடுத்த ஷாட்டில் ஹீரோ காரில் மெதுவாகக் கண்ணைத் திறந்தான். அத்தனையும் அவன் தூக்கத்தில் கண்ட கனவு. அங்கே மண்டபத்தில் பிரேம்குமார் கட்டிய தாலிக்கு மூன்றாவது முடிச்சே விழுந்திருந்தது.

லோகநாதன் போனில் கொதித்தார். "யாரைக் கேட்டு கட்ட வெச்சீங்க? நாளைக்கே தாலி கட்டினது கனவுன்னு போடுங்க!"

"கனவு ஏற்கெனவே ஒண்ணு போட்டாச்சு சார். கனவுக்குள்ள கனவு வெச்சா ஆம்பூர் லேடீஸ் டிவியை ஒடச்சிடுவாங்க."

வேலை போய்விட்டது என்றே சம்பத் நினைத்தான். வீட்டுக்கு வந்தால், மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் பொறுத்துக்கொண்டிருந்த சுந்தரி முகம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பாத்திரங்களை உருட்டினாள்.

"உனக்கும் கோவமா?" என்றான்.

"பின்ன இன்னாங்க? ஒரு வருஷமா அந்தப் பொண்ணு அவனுக்காக அழுதுச்சு. உங்க பழைய கணக்கைத் தீத்துக்க அதைப் புடிச்சு இன்னொருத்தன் தலையில கட்டிட்டீங்க. கட்டினவன் நல்லவனா, குடிகாரனா? அவனுக்கு ஒரு அம்மா இருக்கறாளா? ஒண்ணாவது உங்களுக்குத் தெரியுமா?"

சம்பத்துக்குத் தெரியாது. அத்தனை படங்களில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தவனுக்கு, எழுந்து வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாது. அன்றைக்கே கதை எழுதுகிறவரை உட்கார வைத்து, அந்தப் பையனுக்கு ஒரு வீடு, கோபக்காரத் தங்கை, சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பழைய காதல், சமைக்கத் தெரிந்த கை எல்லாம் கொடுத்தான். வில்லனாக்கலாமா என்று கேட்ட எழுத்தாளரை முறைத்தான்.

வியாழக்கிழமை ரேட்டிங் வந்தது, எகிறியிருந்தது. லோகநாதன் குரலே மாறியிருந்தது. "நான் அன்னைக்கே நெனைச்சேன் சம்பத், இது நிக்கும்னு." ஆதர்ஷ் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் லைட்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். தாடி வைத்துக்கொள்ளட்டுமா என்று அவனே கேட்டான். சம்பத்துக்கு அவன்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. தாடிக்குச் சரி என்றான்.

உண்மையான கலவரம் ஷூ கம்பெனியில்தான். கேன்டீனில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒன்று தாலி கட்சி, சந்திரா தலைமையில். இன்னொன்று தாடி கட்சி. அதற்குத் தலைவி வேறு யாருமில்லை, சூப்பர்வைசர் சுந்தரி. ஆயுத பூஜைக்குச் சம்பத்தைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேடையில் நடு நாற்காலி. மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து முடித்ததும், மேனேஜர் மைக்கை நீட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான் சம்பத்.

"வணக்கம் இருக்கட்டும்" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவன் பெண்டாட்டியின் குரல்தான். "நாளைக்கு எபிசோடுல தாடிக்காரன் அந்த வீட்டுக் கதவைத் தட்றான் இல்ல, அந்தப் பொண்ணு திறக்குதா, இல்லையா? அதை மொதல்ல சொல்லிட்டு அப்புறம் பொரி சாப்பிடுங்க."